சர்க்யூட் வேலை செய்யவில்லையா? பிடுங்குவதற்கு முன் மீட்டரை வையுங்கள்

பிரெட்போர்டில் (சால்டர் செய்யாமல் பார்ட்ஸைச் செருகிப் பார்க்கும் ஓட்டைப் பலகை) பழகத் தொடங்கியவர்கள் முதலில் சொல்வது, "பார்ட்ஸ் போச்சு போலிருக்கு" என்பதுதான். பெரும்பாலும் பார்ட்ஸ் போயிருக்காது. வயர் பக்கத்து ஓட்டைக்குப் போயிருக்கும். பேட்டரி இறங்கியிருக்கும். ரெசிஸ்டரின் மூன்றாவது பட்டை பழுப்பா ஆரஞ்சா என்று சரியாகப் பார்க்காமல் மாற்றிப் போட்டிருப்பார்கள். செங்கோட்டையில் என்னிடம் மாலையில் படிக்க வரும் பிள்ளைகளிடம், மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் பிடுங்காதே என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இங்கே ஒரு ஐசி வேண்டுமென்றால் தென்காசிக்குப் பஸ் ஏற வேண்டும், அங்கே இல்லாவிட்டால் திருநெல்வேலி. புளியரைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலையில் இருப்பவர்கள் புனலூர் போக வேண்டும். நல்ல ஐசியைக் கெட்டதென்று நினைத்துத் தூக்கிப் போட்டால், அதே தப்பான வயரிங்கில் புது ஐசியைச் செருகுவதற்காக ஒரு நாள் வீணாகும்.

கீழே ஒவ்வொரு தலைப்பும் ஓர் அறிகுறி. உங்கள் சர்க்யூட் என்ன செய்கிறதோ அந்த இடத்திலிருந்து படிக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றி சர்க்யூட் சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

இதெல்லாம் 12 வோல்ட்டும் அதற்குக் கீழும் உள்ள சர்க்யூட்டுகளுக்கு மட்டும். பழைய எல்இடி பல்பைப் பிரித்துப் பார்க்கும் ஆசை பிள்ளைகளுக்கு எப்போதும் உண்டு. அந்த போர்டுகளில் பலவற்றில் ட்ரான்ஸ்ஃபார்மர் கிடையாது. பிளக்கில் இருக்கும்போது போர்டின் எந்த இடத்தைத் தொட்டாலும் 230 வோல்ட் லைனைத் தொட்ட மாதிரிதான். கொசு பேட் சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் கண்டன்சரில் சார்ஜ் நிற்கும். இன்னொன்றையும் மலையடிவார ஊர்க்காரனாகச் சொல்லியே ஆக வேண்டும். பன்றி வருகிறது என்று தோட்டத்து வேலியில் வீட்டு கரண்ட்டை இழுத்துவிடும் பழக்கம் மனிதர்களையும் யானைகளையும் கொன்றிருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த பிள்ளை என்று யாராவது அதற்கு உங்களைக் கூப்பிட்டால் போகாதீர்கள்.

முதலில் மீட்டரையே சோதியுங்கள்

பெரும்பாலோர் கையில் இருப்பது மஞ்சள் நிற 830 வகை மீட்டர். ஆரம்பத்துக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் மூன்று இடங்களில் அது உங்களை ஏமாற்றும்.

உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்கினால் அளவுகள் கூடுதலாகக் காட்டும். புது பென்டார்ச் செல் 1.5 முதல் 1.6 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். 1.9 என்று காட்டினால் செல்லைப் பாராட்டாதீர்கள், மீட்டரின் பேட்டரியை மாற்றுங்கள். இரண்டாவது, சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையிலேயே இருந்தால் வோல்ட்டேஜ் பார்க்கப் போகும்போது நேராக ஷார்ட் ஆகும். அந்தத் துளைக்கு ஃப்யூஸ் இல்லை என்பது பல மீட்டர்களில் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். கரண்ட் அளந்து முடித்த அந்த நிமிஷமே வயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மூன்றாவது, பவர் இருக்கும் சர்க்யூட்டில் ஓம் அளந்தால் வருகிற எண்ணுக்கு அர்த்தமே இல்லை. பவரை எடுத்துவிட்டு, ரெசிஸ்டரின் ஒரு காலையாவது வெளியே தூக்கித்தான் அளக்க வேண்டும்.

எல்இடி எரியவே இல்லை

பேட்டரியில் தொடங்கி எல்இடி வரை வோல்ட்டேஜைத் தொடர்ந்து போங்கள். கருப்பு முனையைப் பேட்டரியின் மைனஸில் வைத்து அப்படியே விடுங்கள். சிவப்பு முனை மட்டும் நகரட்டும். பேட்டரியின் பிளஸ், பிரெட்போர்டின் பிளஸ் வரிசை, ரெசிஸ்டரின் முன்கால், பின்கால், எல்இடியின் நீளக் கால் என்று வரிசையாகத் தொடுங்கள். எந்த இடத்தில் எண் காணாமல் போகிறதோ, பழுது அதற்கும் முந்தின இடத்துக்கும் நடுவில் இருக்கிறது.

பிளஸ் வரிசையின் பாதியில் 9 வோல்ட் இருந்து மறுபாதியில் பூஜ்யம் என்றால் பயப்பட வேண்டாம். நீளமான பிரெட்போர்டுகள் பலவற்றில் ஓரத்துப் பவர் வரிசை நடுவில் வெட்டுப்பட்டிருக்கும். சிவப்பு, நீலக் கோடு அந்த இடத்தில் விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். சிறு வயர் போட்டு இரண்டையும் இணைத்தால் முடிந்தது.

உள்வரிசைகளில் ஐந்து ஓட்டைகள் ஒரே கம்பி. நடுப்பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வேறு ஐந்து. எல்இடியின் இரண்டு கால்களையும் ஒரே ஐந்தில் செருகிவிட்டால் கரண்ட் முழுவதும் உலோகத் தகட்டின் வழியாகவே போய்விடும், எல்இடிக்கு ஒன்றும் கிடைக்காது. மீட்டரை எல்இடிக்குக் குறுக்கே வைத்தால் பூஜ்யம் காட்டும்.

எல்இடிக்குக் குறுக்கே முழு 9 வோல்ட் நிற்கிறதென்றால் ஒன்று அது திரும்பியிருக்கிறது, அல்லது உள்ளே அறுந்திருக்கிறது. நீளக் கால் பிளஸ். கால்களை வெட்டிவிட்டிருந்தால் கீழ் விளிம்பைத் தடவிப் பாருங்கள், தட்டையாக இருக்கும் பக்கம் மைனஸ். எல்இடி தலைகீழாக 5 வோல்ட் வரைதான் தாங்கும் என்று டேட்டாஷீட்டில் போட்டிருக்கும். ரெசிஸ்டர் கூடவே இருந்தால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ரெசிஸ்டருக்குக் குறுக்கேயும் ஒரு தடவை மீட்டரை வையுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பழுதுகள் அங்கேயே பிடிபடும். ரெசிஸ்டரின் குறுக்கே பூஜ்யம் என்றால் அதன் வழியாகக் கரண்ட் ஓடவில்லை. ஏதாவது வோல்ட்டேஜ் இருந்தால் அதை ஓமால் வகுங்கள், ஓடும் கரண்ட் கிடைத்துவிடும். 470 ஓமுக்குக் குறுக்கே 7 வோல்ட் என்றால் சுமார் 15 மில்லி ஆம்பியர். சர்க்யூட்டை அறுக்காமல், மீட்டரைக் கரண்ட் பக்கம் மாற்றாமல், கரண்ட்டைத் தெரிந்துகொள்ளும் வழி இது.

எல்லாம் சரி, ஆனால் நீலமோ வெள்ளையோ எரியவில்லை. சிவப்பு மட்டும் எரிகிறது என்றால் செல்லை எண்ணுங்கள். சிவப்புக்கு 2 வோல்ட் போதும். நீலமும் வெள்ளையும் 3 வோல்ட் பக்கம் கேட்கும். இரண்டு பென்டார்ச் செல் சேர்ந்தாலே 3 வோல்ட்தான், அதில் ரெசிஸ்டருக்கு மிச்சம் எங்கே? மூன்று செல் போடுங்கள். மீட்டரின் டயோடு நிலையிலும் இதே கதைதான். சிவப்பு மங்கலாக எரிந்து காட்டும், நீலமும் வெள்ளையும் பல மீட்டர்களில் எரியாது. அதை வைத்து அவற்றைக் கெட்டது என்று தள்ளிவிடாதீர்கள்.

ஒரு தடவை பளிச்சென்று எரிந்து அணைந்தது

ரெசிஸ்டர் இல்லாமல் 9 வோல்ட்டில் கொடுத்திருக்கிறீர்கள். அந்த எல்இடி இனி எரியாது. அடுத்ததற்குக் கணக்குப் போடுங்கள்: பேட்டரி வோல்ட்டேஜில் எல்இடியின் வோல்ட்டேஜைக் கழித்து, வேண்டிய கரண்ட்டால் வகுக்க வேண்டும். 9ல் 2 போனால் 7. 20 மில்லி ஆம்பியருக்கு 350 ஓம். அந்த மதிப்பில் கடையில் கிடைக்காது, 390 அல்லது 470 வாங்குங்கள். 470ல் 15 மில்லி ஆம்பியர் ஓடும். வெளிச்சத்தில் வித்தியாசம் உங்கள் கண்ணுக்குத் தெரியாது, எல்இடிக்கும் நிம்மதி.

பல எல்இடிகளைப் பக்கம் பக்கமாக வைத்து எல்லாவற்றுக்கும் ஒரே ரெசிஸ்டர் போடுவதையும் தவிர்க்கவும். ஒவ்வொன்றின் வோல்ட்டேஜும் சிறிது மாறும், குறைவாகக் கேட்பது கரண்ட்டை அதிகமாக இழுத்துக்கொள்ளும். நிறங்களைக் கலந்து போட்டால் சிவப்பு மட்டும் எரிந்து நீலம் இருட்டாக நிற்கும்.

எரிகிறது, ஆனால் மின்மினி மாதிரி

470 ஓமுக்கு மஞ்சள், ஊதா, பழுப்பு. 47 கிலோ ஓமுக்கு மஞ்சள், ஊதா, ஆரஞ்சு. டியூப்லைட் வெளிச்சத்தில், அதுவும் மலிவு ரெசிஸ்டரில், பழுப்பும் ஆரஞ்சும் சிவப்பும் ஒன்றுபோலவே தெரியும். நூறு மடங்கு தப்பு ஒரு பட்டையில் நடந்துவிடும். நீல நிற உடல் கொண்ட ஐந்து பட்டை ரெசிஸ்டர்களில் 470 என்பது மஞ்சள், ஊதா, கருப்பு, கருப்பு, பழுப்பு. நான்கு பட்டைப் பழக்கத்தில் படித்தால் குழப்பம்தான். நிறத்தை நம்பாமல் மீட்டரில் வைத்துப் பாருங்கள், பத்து வினாடி வேலை.

ரெசிஸ்டர் சரியென்றால் பேட்டரி. 9 வோல்ட் பேட்டரியைச் சும்மா அளந்தால் தேய்ந்துபோனதுகூட 8 வோல்ட்டுக்கு மேல் காட்டும். சர்க்யூட் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியின் முனைகளில் அளங்கள். 6, 5 என்று சரிந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. சிறு மோட்டார், ரிலே (காந்தத்தால் இழுபடும் சுவிட்ச்) போன்றவற்றுக்கு இந்தச் சதுரப் பேட்டரியை வாங்கவே வேண்டாம். அதன் உள்தடை அதிகம், மோட்டார் கிளம்பும்போது கேட்கும் கரண்ட்டை அதனால் தர முடியாது. நான்கு பென்டார்ச் செல் கொண்ட பெட்டி மேல்.

ஏதோ சூடாகிறது, வாடை வருகிறது

யோசிக்காமல் பவரை எடுங்கள். காரணம் தேடுவது பிறகு.

எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சரில் பட்டை போட்ட பக்கம் மைனஸ். திருப்பிப் போட்டால் சூடேறி உப்பும், சில சமயம் வெடிக்கும். முகத்தை போர்டுக்கு மேலே குனிந்து வைத்துக்கொண்டு முதல் தடவை பவர் போடும் பழக்கத்தை விடுங்கள். டான்டலம் கண்டன்சரில் பட்டை பிளஸ்ஸைக் குறிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள், இதில் தப்பாதவர்கள் குறைவு. கண்டன்சரின் மேல் எழுதிய வோல்ட்டேஜ் உங்கள் சப்ளையைவிட நன்றாகவே அதிகமாக இருக்கட்டும். 12 வோல்ட் சர்க்யூட்டுக்கு 25 வோல்ட் கண்டன்சர்.

7805 ரெகுலேட்டர் சுடுகிறது என்று கொண்டுவந்தால், அது பெரும்பாலும் பழுதே இல்லை. 12 வோல்ட் உள்ளே போய் 5 வோல்ட் வெளியே வருகிறது. நடுவில் உள்ள 7 வோல்ட் சூடாகத்தான் கழியும். 200 மில்லி ஆம்பியர் எடுத்தாலே 1.4 வாட், ஹீட் சிங்க் இல்லாமல் விரல் வைக்க முடியாத சூடு. ஹீட் சிங்க் மாட்டுங்கள். அல்லது 12க்குப் பதில் 9 வோல்ட் அடாப்டரில் ஓட்டினால் சூடு கிட்டத்தட்ட பாதியாகக் குறையும்.

ஐசி கொதித்தால் அது திரும்பிச் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அரை வட்ட வெட்டு இருக்கும் முனையை மேலே வைத்தால், இடது மேல் கால்தான் 1. எண்கள் இடப்பக்கம் இறங்கி வலப்பக்கம் ஏறும்.

ட்ரான்சிஸ்டர் சுவிட்ச் ஆகவில்லை. அல்லது அணையவே இல்லை

இங்கேதான் ஆரம்பக்காரர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

பிசி547ன் தட்டைப் பக்கத்தை உங்களைப் பார்க்கவைத்து, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904ஐ அதே மாதிரி பிடித்தால் எமிட்டர், பேஸ், கலெக்டர். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். கடையில் ஒன்றுக்குப் பதில் மற்றதைக் கொடுத்திருந்தால் பேஸ் நடுவிலேயே இருப்பதால் சர்க்யூட் அரைகுறையாக ஓடவும் செய்யும், அதனால் சந்தேகமே வராது. மேலே எழுதிய எண்ணைப் படியுங்கள். படிக்க முடியாவிட்டால் போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள்.

கழற்றாமலே ட்ரான்சிஸ்டரை விசாரிக்கலாம். எமிட்டரில் கருப்பு முனை. பேஸில் 0.6 முதல் 0.7 வோல்ட் இருந்து, கலெக்டரில் 0.2க்கும் கீழே இருந்தால் அது முழுதாக ஆன், வேலையைச் சரியாகச் செய்கிறது, பழுது லோடில், அதாவது அது ஓட்டும் எல்இடியிலோ ரிலேயிலோ. பேஸில் 0.7 இருந்தும் கலெக்டரில் முழு சப்ளை நின்றால் கால் மாறியிருக்கிறது, அல்லது கலெக்டர் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. பேஸில் 3, 4 வோல்ட் என்று ஏறி நின்றால் பேஸ்-எமிட்டர் ஜங்ஷன் அறுந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். பேஸில் பூஜ்யம் இருந்தும் லோடு ஓடுகிறதென்றால் கலெக்டரும் எமிட்டரும் உள்ளே ஷார்ட்.

பேஸில் 0.7, கலெக்டரில் 3, 4 வோல்ட் என்று நடுவில் தொங்கினால் பேஸுக்குக் கரண்ட் போதவில்லை. சுவிட்சாகப் பயன்படுத்தும்போது லோடு கரண்ட்டில் பத்தில் ஒரு பங்கைப் பேஸுக்குக் கொடுங்கள். 12 வோல்ட் ரிலேயின் காயில் 400 ஓம் என்றால் 30 மில்லி ஆம்பியர் எடுக்கும், பேஸுக்கு 3. பேஸை 5 வோல்ட்டிலிருந்து ஓட்டினால் 4.3ஐ 3 மில்லி ஆம்பியரால் வகுத்து சுமார் 1.4 கிலோ ஓம். 1.2 கிலோ போடலாம். 100 கிலோ போட்டுவிட்டு ரிலே இழுக்கவில்லை என்று ரிலேயைக் குறை சொல்லக் கூடாது.

சில நாள் நன்றாக ஓடி பிறகு ட்ரான்சிஸ்டர் மட்டும் திரும்பத் திரும்பப் போகிறதா? ரிலே காயிலுக்குக் குறுக்கே டயோடு இருக்கிறதா என்று பாருங்கள். காயிலை அணைக்கும் கணத்தில் அதில் இருந்த காந்த சக்தி சப்ளையைவிடப் பல மடங்கு வோல்ட்டேஜாகத் திரும்பி வந்து ட்ரான்சிஸ்டரைத் துளைக்கும். 1என்4007 ஒன்று போதும், பட்டை உள்ள கால் பிளஸ்ஸுக்கு. அதைத் திருப்பிப் போட்டால் ட்ரான்சிஸ்டர் ஆன் ஆனவுடன் நேர் ஷார்ட். மோட்டாரை ஓட்டுபவர்களுக்கு இன்னொரு வார்த்தை: பிசி547 அதிகபட்சம் 100 மில்லி ஆம்பியர்தான். சின்னப் பொம்மை மோட்டார்கூட கிளம்பும்போது அதைத் தாண்டிவிடும். பிடி139 (BD139) வாங்குங்கள்.

கை பக்கத்தில் வந்தாலே எல்இடி எரிகிறது, கையை எடுத்தால் அணைகிறது என்றால் பேஸோ, மாஸ்ஃபெட்டின் கேட்டோ எங்கும் இணைக்கப்படாமல் அந்தரத்தில் இருக்கிறது. உங்கள் உடம்பு வீட்டு வயரிங்கின் 50 ஹெர்ட்ஸை வாங்கி அதற்குக் கொடுக்கிறது. அங்கிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் கட்டுங்கள்.

555 பிளிங்கர் மின்னவில்லை

ஹான்ஸ் காமென்சிண்ட் 1971ல் சிக்னெடிக்ஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்து, 1972ல் விற்பனைக்கு வந்த டைமர் ஐசி இந்த 555. இன்றும் அதைத்தான் முதலில் கையில் கொடுக்கிறோம். அதற்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும். இரண்டு செல்லில் ஓட்ட நினைத்தால் 7555 என்ற சிமாஸ் வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

8ம் காலில் சப்ளை, 1ல் கிரவுண்ட், 4ல் சப்ளை இருக்கிறதா என்று முதலில் அளங்கள். 4ஐ இணைக்க மறப்பது வழக்கம். 2ம் 6ம் சேர்ந்திருக்க வேண்டும். பிறகு 6ம் காலில் மீட்டரை வைத்துக் காத்திருங்கள். 9 வோல்ட் சப்ளையில் அது 3க்கும் 6க்கும் நடுவே ஏறி இறங்க வேண்டும். பூஜ்யத்திலேயே கிடந்தால் 4ம் கால், அடுத்து கண்டன்சர் ஷார்ட்டா, ரெசிஸ்டர் விட்டுப்போயிருக்கிறதா. 9 வரை ஏறி அங்கேயே நின்றால் 7ம் காலின் இணைப்பையும் 2ம் காலையும் பாருங்கள்.

எல்இடி அணையாமல் பாதி வெளிச்சத்தில் தொடர்ந்து எரிகிறதா? அது மின்னிக்கொண்டுதான் இருக்கிறது, உங்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில். இருட்டில் போர்டை இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். கோடாகத் தெரியாமல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் உறுதி. 10 கிலோ, 68 கிலோ, 10 மைக்ரோ ஃபாரட் போட்டால் வினாடிக்கு ஒரு தடவை மின்னும். 10 மைக்ரோவுக்குப் பதில் 104 என்று எழுதிய மஞ்சள் கண்டன்சர் போயிருந்தால், அது 0.1 மைக்ரோ, வினாடிக்கு நூறு தடவை. 104ல் கடைசி 4 என்பது 10க்குப் பின் நான்கு பூஜ்யம், பிக்கோ ஃபாரட்டில்.

சாயங்காலமானால் ரிலே படபடவென்று அடிக்கிறது

எல்டிஆர் (வெளிச்சம் பட்டால் தடை குறையும் ரெசிஸ்டர்) வைத்த தானியங்கி விளக்கைச் செய்யாத பிள்ளையே இல்லை. இங்கே ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேகம் இறங்கினால் மத்தியானமே அந்தியாகிவிடும், அந்த நாட்களில் இந்தப் புகார் தினமும் வரும். காரணம் இரண்டில் ஒன்று. எல்டிஆரை ஒரு பேனா மூடியால் முழுதாக மூடுங்கள்.

மூடியவுடன் படபடப்பு நின்று ரிலே உறுதியாக இழுத்துக்கொண்டால், விளக்கின் வெளிச்சம் அதன் எல்டிஆர் மேலேயே விழுகிறது. விளக்கு எரிகிறது, பகல் என்று நினைத்து அணைக்கிறது, இருட்டானதும் மறுபடி எரிகிறது. எல்டிஆருக்கு ஒரு கருப்புக் குழாய் மாட்டி வானத்தைப் பார்க்கத் திருப்பிவையுங்கள். மேகம் போய் வருவதால் தடுமாறினால், எல்எம்393 போன்ற கம்பேரேட்டர் (இரண்டு வோல்ட்டேஜை ஒப்பிடும் ஐசி) போட்டு, அதன் அவுட்புட்டிலிருந்து பிளஸ் இன்புட்டுக்கு 1 மெகா ஓம் கொடுங்கள். அந்த இன்புட்டுக்கு வரும் வோல்ட்டேஜ் ஒரு ரெசிஸ்டர் வழியாக வரட்டும், பேட்டரியிலிருந்து நேராக வந்தால் பலனில்லை. ஆன் ஆகும் அளவும் ஆஃப் ஆகும் அளவும் தள்ளி நிற்கும். எல்எம்393 தானாக மேலே இழுக்காது, அவுட்புட்டிலிருந்து சப்ளையின் பிளஸ்ஸுக்கு 10 கிலோ ஓம் இல்லாவிட்டால் அது எப்போதும் பூஜ்யமாகவே தெரியும்.

மூடியும் படபடத்தால் பவர். ரிலே இழுக்கும்போது சப்ளை சரிகிறது, சர்க்யூட் விட்டுவிடுகிறது, சப்ளை மீள்கிறது, மறுபடி இழுக்கிறது. நல்ல அடாப்டர் போடுங்கள், சப்ளைக்குக் குறுக்கே 470 மைக்ரோ ஃபாரட் சேருங்கள்.

தொட்டால் ஓடுகிறது, கையை எடுத்தால் நிற்கிறது

பிரெட்போர்டு என்றால் லூஸ் கான்டாக்ட். பழைய பார்ட்ஸின் காலில் கருப்புப் படிந்திருக்கும், பிளேடால் லேசாகச் சுரண்டிவிட்டுச் செருகுங்கள். தடித்த கால்களைத் திணித்த ஓட்டை விரிந்துபோகும், பிறகு மெல்லிய கால் அதில் நிற்காது. பக்கத்து வரிசைக்கு மாறிவிடுங்கள்.

பத்தவைத்த (சால்டர் செய்த) போர்டு என்றால் ட்ரை சால்டர், அதாவது சரியாகப் பிடிக்காத ஈயம். நல்ல பத்தல் பளபளவென்று, காலின் மேல் சரிந்து ஏறி நிற்கும். கெட்டது மங்கலாக உருண்டையாக இருக்கும், சுற்றிலும் மெல்லிய வளையமாக விரிசல் தெரியும். ஈயத்தை அயர்ன் முனையில் உருக்கி எடுத்துக்கொண்டுபோய்த் தடவுவதால் இது வருகிறது. 25 வாட் அயர்னின் முனை காலையும் செம்புப் பட்டையையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும், இரண்டு வினாடி கழித்து ஈயத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து கொடுங்கள். தானாக உருகி ஓட வேண்டும். ஆறும்வரை அசைக்காதீர்கள். முடித்ததும் கையைக் கழுவிவிட்டுத்தான் சாப்பாடு, சால்டரில் ஈயம் இருக்கிறது.

காய்ந்த நாளில் சரி, சாரல் நாளில் தானாகக் கத்துகிறது

மேல்தொட்டி நிரம்பினால் பஸ்ஸர் அடிக்கும் அலாரம். கோடையில் செய்து மாட்டியபோது ஒழுங்காக இருந்தது. சீசன் தொடங்கியதும் தொட்டி காலியாக இருக்கும்போதே கத்துகிறது. மலையோரத்தில் இருப்பவர்களுக்கு இது தவறாமல் வரும், சமவெளியில் உட்கார்ந்து எழுதிய சர்க்யூட்டுகள் இதை நினைத்துப் பார்ப்பதில்லை.

இரண்டு கம்பி முனைகளுக்கும் நடுவே ஈரப் படலம் இருந்தால் அதன் தடை 1 மெகா ஓம் அளவுக்கு இறங்கிவிடக் கூடும். 9 வோல்ட்டில் அதன் வழியாக 8 மைக்ரோ ஆம்பியர் பேஸுக்குள் போகும். பிசி547 அதை இருநூறு மடங்குக்கு மேல் பெருக்கும், 2 மில்லி ஆம்பியர் பக்கம் வந்துவிடும். எல்இடி தெரியும், பஸ்ஸர் முனகும். இரண்டு ட்ரான்சிஸ்டரை டார்லிங்டனாக (ஒன்று பெருக்கியதை அடுத்தது மறுபடி பெருக்கும்படி) போட்டிருந்தால் சொல்லவே வேண்டாம்.

பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 47 கிலோ ஓம் ஒன்று போடுங்கள். பேஸ் 0.65 வோல்ட்டை எட்ட வேண்டுமானால் அந்த ரெசிஸ்டர் மட்டுமே 14 மைக்ரோ ஆம்பியர் குடிக்கும். ஈரம் தருவது 8. ட்ரான்சிஸ்டர் அசையாது. தண்ணீரே வந்து தொட்டால் தடை பல மடங்கு குறையும், அப்போது தாராளமாக ஆன் ஆகும். போர்டில் ஒட்டிக்கிடக்கும் ஃப்ளக்ஸும் (பத்தவைக்கும் பசை) ஈரத்தை இழுக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பல் துலக்கும் பிரஷை நனைத்துத் தேய்த்து, நன்றாக உலரவைத்து, வார்னிஷ் ஒரு பூச்சு கொடுங்கள். மிச்சப் பார்ட்ஸைத் திறந்த டப்பாவில் போடாதீர்கள். மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். செல் மாட்டும் ஸ்பிரிங்கில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்தெடுங்கள். அந்தப் பூப்பு இருக்கும்வரை புது செல்லும் பழைய செல் மாதிரியே நடந்துகொள்ளும்.

தொட்டிக்குள் விட்ட செம்புக் கம்பியில் பிளஸ் பக்கம் மட்டும் பச்சை பிடித்து மெலிந்துகொண்டே வரும். ஒரே திசையில் கரண்ட் ஓடுவதால் செம்பு தண்ணீரில் கரைகிறது. அந்த இடத்தில் எவர்சில்வர் கம்பியை வையுங்கள். குடிக்கிற தண்ணீர் என்றால் கம்பிகளுக்கு எப்போதும் பவர் கொடுக்க வேண்டாம். ஒரு புஷ் பட்டன் வைத்து, மட்டம் பார்க்க வேண்டும்போது மட்டும் அழுத்துங்கள்.